வாழ்த்துகள், உங்கள் முதல் நிகழ்ச்சி பதிவாகிவிட்டது

கேசவ் என்ன ஜோலி பார்க்கிறான் என்பதை அவனுடைய மாமனார் சேஷனுக்கு விளங்க வைக்க வீட்டில் எல்லோரும் ஒரு சுற்று முயன்று பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்தில் ஆபீஸ், கழுத்தில் அட்டை, மாதம் பிறந்தால் சம்பளம் எல்லாம் அவருக்குப் புரிந்தது. இவற்றுக்கு நடுவில் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்பதுதான் பிடிபடவில்லை. புதிதாக ஒரு செயலியைத் திறந்தால் திரையில் குட்டிக் கட்டம் ஒன்று எட்டிப் பார்த்து, ‘இங்கே பெயரை எழுதுங்கள்’, ‘இப்போது இதை அமுக்குங்கள்’ என்று சொல்லுமே, அந்தக் கட்டங்களை எந்த இடத்தில் வைப்பது, எதில் என்ன எழுதுவது என்று முடிவு செய்கிறவன் கேசவ்.

“அதையெல்லாம் மூடிட்டுத்தானே எல்லாரும் மேல போவா?” என்று ஒருநாள் சேஷன் கேட்டார்.

“மூடுவா மாமா. மூடாம இருக்கப் பண்ணத்தான் எனக்குச் சம்பளம்.”

“செரி,” என்றார் சேஷன். பெண்ணைக் கொடுத்தவர் வேறு என்ன சொல்ல முடியும்.

கேசவுக்குக் கோபம் வரவில்லை. தன் போனில் எட்டிப் பார்த்த எந்தக் கட்டத்தையும் அவன் ஆயுளில் முழுசாகப் படித்ததில்லை. விரல் தானாகப் போய் ஓரத்தில் இருக்கும் பெருக்கல் குறியைத் தேடும். தான் வாயில் வைக்காத பண்டத்தை ஊருக்குப் பரிமாறுகிற சமையல்காரன் நான் என்று அவனே சுப்ரியாவிடம் சொல்லிச் சிரிப்பான். சுப்ரியா அவன் மனைவி. தம்பானூரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. அவன் சாப்பிட உட்கார்ந்ததும், “இங்கே கை அலம்பவும். அடுத்து, தட்டைப் பார்க்கவும்” என்று அவனுடைய கட்டங்களின் குரலில் சொல்வாள். அவன் தட்டைப் பார்க்காமல் போனைப் பார்ப்பான்.

அவன் கம்பெனி விற்கும் செயலியின் பெயர் ‘பந்தி’. விசேஷம் நடத்தும் கூடங்களுக்கானது. இன்ன தேதியில் இன்னார் வீட்டு நிகழ்ச்சி என்று பதிந்துவிட்டால் போதும். உறுப்பினர்களுக்கு அழைப்பு போய்விடும், சமையலுக்கு வேண்டிய சாமான் பட்டியல் கடைக்குப் போய்விடும், சடங்கு செய்துவைக்கும் வாத்தியாருக்கும் தகவல் போய்விடும். மலையாளத்தில் அது கொல்லம் வரை ஓடிக்கொண்டிருந்தது. தமிழிலும் வேண்டும் என்று மேலதிகாரி ஸ்மிதாவின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து அனுமதி வாங்கியவன் கேசவ். கரமனையில் மட்டும் எத்தனை தமிழ்க் குடும்பம், வருஷத்துக்கு எத்தனை விசேஷம், எல்லாம் என் சொந்தத் தெரு, அவர்கள் மனசு எனக்குத் தெரியாதா என்று மேஜையைத் தட்டிப் பேசியிருந்தான். தெரியும் என்றே நம்பினான்.

தமிழ்ப் பதிப்பு வந்து மாதங்கள் ஆகியும் ஒரு கூடம்கூட எடுக்கவில்லை. ஸ்மிதா நல்லவள். கெட்ட செய்தியையும் சிரித்த முகமாகச் சொல்லக்கூடியவள்.

“ஒரு கஸ்டமர் மதி, கேசவ். ஒரே ஒண்ணு. ஈ மாசம் கிட்டியில்லெங்கில் தமிழை நிறுத்தாம். நீ சப்போர்ட்ல போன் எடுத்தோ, கேட்டோ?”

இந்த மாதத்துக்குள் ஒரு கூடமாவது கிடைக்காவிட்டால் தமிழ் நின்றுவிடும், அவனுக்கு சப்போர்ட்தான். சப்போர்ட் என்பது, கட்டங்களைப் படிக்காமல் மூடிவிட்டவர்கள் கூப்பிட்டுத் திட்டுகிற இடம். அங்கே போய் உட்கார்ந்தால், சேஷன் தெருவில் யாரிடமும் மாப்பிள்ளையைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார். கையெட்டும் தூரத்தில் இருந்த ஒரே கூடம் அவன் தெருக்கோடியில் இருந்த சமூகக் கூடம். அதன் செக்ரெட்டரி சேஷன். ஆக, கேசவின் நாற்காலி இப்போது மாமனாரின் ஒரு விரலில் வந்து நின்றது.

ஸ்மிதா போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். அவன் எழுதி வைத்திருந்த கட்டங்களை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டு, “இது தீரும்போ கல்யாணப் பெண்ணுக்குக் குட்டியாவும். அஞ்சு மதி. பாக்கியெல்லாம் களை” என்றாள். இது முடிவதற்குள் பெண்ணுக்குக் குழந்தையே பிறந்துவிடும், ஐந்து போதும், மற்றதைத் தூக்கு என்று அர்த்தம். அது நியாயம் என்று கேசவுக்கே தெரியும். பெயர் எழுதும் இடத்தைக் காட்ட ஒரு கட்டம், அதில் எழுதியது பெயர்தானா என்று கேட்க ஒரு கட்டம், எழுதியதைப் பாராட்ட ஒரு கட்டம் என்று அவன் வாரி இறைத்திருந்தான்.

எதை வைப்பது, எதை எடுப்பது என்று அவன் ஒரு முழுப் பகல் யோசித்தான். பெயர், தேதி, ‘சேமி’ பொத்தான், இந்த மூன்றும் இல்லாமல் காரியம் நடக்காது. மிச்சம் இரண்டு இடம். ‘எந்த வகை நிகழ்ச்சி என்று தேர்ந்தெடுங்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘இந்த அழைப்பை எல்லோருக்கும் அனுப்பலாமா?’ என்று இன்னொன்று. இரண்டும் சப்பென்று இருந்தன. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஆனால் முதல் கட்டம், ‘வருக வருக! விருந்தோம்பலின் புதிய வாசலுக்கு வருக!’ என்று ஒவ்வொரு எழுத்தாக மலர்வது, அவனே ராகம் போட்டு எழுதியது. கடைசிக் கட்டமோ நாதஸ்வரம் ஒலிக்க, வண்ணக் காகிதத் துண்டுகள் மேலிருந்து கொட்ட, ‘வாழ்த்துகள்!’ என்று தொடங்கும். அதற்கு மட்டும் ஒரு வாரம் செலவழித்திருந்தான். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு சப்பென்று இருந்த இரண்டையும் எடுத்துவிட்டான். எளிமைதான் அழகு என்று ஸ்மிதாவுக்கு எழுதியும் அனுப்பினான்.

இன்னும் இரண்டு கைங்கரியம் அவனுடையது. ‘வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை எடுத்துவிட்டான், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் அமுக்கினார்கள். மலையாளப் பதிப்பில் நிகழ்ச்சி வகைகள் கல்யாணத்தில் ஆரம்பித்து ஏதோ ஒழுங்கில் கிடந்தன. தமிழுக்கென்று ஒரு கௌரவம் வேண்டாமா என்று அவற்றை அகர வரிசையில் அடுக்கினான். யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் பட்டியலில் முதலில் இருப்பதைச் செயலி தானே எடுத்துக்கொள்ளும். முதலில் நிற்பது எது என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை கூடத்தில் கமிட்டி கூடியது. சுப்ரியாவுக்கு அன்று அரை நாள் ஆபீஸ் உண்டு. கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

“அப்பா பக்கத்துல உக்காந்து இதை அமுக்குங்கோ, அதை அமுக்குங்கோன்னு சொல்லாதீங்கோ. அவர் தானா பண்ணினாத்தான் ஒத்துப்பார்.”

அதனால் கேசவ் வாயைக் கட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். தன் கட்டங்கள் பேசும் என்று தைரியம். கமிட்டி மனிதர்கள் காப்பி டம்ளரோடு சேஷனைச் சூழ்ந்து நின்றார்கள். வாத்தியார், சமையல்காரர், ஆரியசாலை மளிகைக்கடை அருமைநாயகம், தெருக்காரர்கள், எல்லோருடைய நம்பரையும் கேசவ் முன்னமே ஏற்றி வைத்திருந்தான். மாதிரிப் பட்டியல் போட்டால் மாமா மதிக்க மாட்டார், நிஜப் பட்டியலே இருக்கட்டும் என்று நினைத்தது அவன்தான்.

சேஷன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டேப்லெட்டைத் திறந்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக மலர்ந்து அவரை வரவேற்றன. “ம்ம், தமிழ் நன்னாருக்கே,” என்றார். கேசவ் நாற்காலியின் நுனிக்கு வந்தான். யார் பெயரை எழுதுவது என்று சேஷன் யோசிக்கவே இல்லை. அவருக்கு எண்பது நிறைந்து சதாபிஷேகம் வருகிறது, அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம், இதே கூடத்தில். ஒற்றை விரலால் ‘சேஷன்’ என்று எழுதினார். தேதியைத் தொட்டார். கட்டம் காட்டிய ‘சேமி’யை அமுக்கினார். மூன்று கட்டத்தையும் முழுசாகப் படித்துச் செய்த முதல் மனிதரை கேசவ் அன்றுதான் கண்ணால் பார்த்தான்.

நாதஸ்வரம் கூடமெங்கும் முழங்கியது. திரையில் காகிதத் துண்டுகள் கொட்டின. சேஷன் உரக்கப் படித்தார்.

“வாழ்த்துகள்! உங்கள் முதல் நிகழ்ச்சி பதிவாகிவிட்டது. இதுபோல் இன்னும் பல நிகழ்ச்சிகள் உங்கள் இல்லத்தில் நடைபெறட்டும்!”

கமிட்டி கை தட்டியது. கேசவும் தட்டினான். சேஷன் சிரித்துக்கொண்டே கீழே இருந்த பொடி எழுத்துக்கு வந்தார். சிரிப்பு நின்றது.

“மாப்பிளை, இங்க வாங்கோ. இது என்னதாக்கும்?”

‘சேஷன் – அபர காரியம்’ என்று இருந்தது. செத்தவர்களுக்குப் பதிமூன்று நாள் செய்கிற கர்மம். ஆயுஷ்ஹோமத்துக்கும் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் முன்னால், அகர வரிசைப்படி, முதல் ஆளாக அது நின்றுகொண்டிருந்தது.

கேசவ் வாயைத் திறப்பதற்குள் கமிட்டிக்காரர்களின் சட்டைப் பைகள் எல்லாம் ஒன்றாக ஒலித்தன. ஒருவர் போனை எடுத்துப் படித்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் சேஷனையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். ‘திரு. சேஷன் அவர்களின் அபர காரியம் நமது கூடத்தில் நடைபெற உள்ளது. குடும்பத்துடன் வந்திருந்து சிறப்பிக்கவும். பந்தியில் சந்திப்போம்!’ தேதி வேறு, இன்று போனவருக்குப் பதிமூன்றாம் நாள் என்று வைத்தால் கச்சிதமாகப் பொருந்தியது. சந்தேகப்பட யாருக்கும் இடமில்லை.

டேப்லெட்டை சேஷன் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தார். தன் மரணத்தை இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது அவருக்கு. கேசவ் தன் போனில் செயலியைத் திறந்தான். அனுப்பியதைத் திரும்பப் பெற உள்ளே எங்கோ ஒரு வழி உண்டு. அந்தப் போனில் அவன் நிர்வாகியாக நுழைவது அதுதான் முதல்முறை. ‘வ’ என்றது திரை. பிறகு ‘ரு’. பிறகு ‘க’.

தள்ளிவிடலாம் என்று பார்த்தால் தள்ளிவிடும் பொத்தான் இல்லை. விருந்தோம்பலின் புதிய வாசல் எழுத்தெழுத்தாக மலர்ந்து முடிகிற வரை அவன் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அந்த வாக்கியத்தை அவ்வளவு நீளமாக எழுதியவனைக் கையில் கிடைத்தால் அறைந்திருப்பான். அடுத்து பெயரை எழுதச் சொன்னது. ஏதோ எழுதினான். தேதி கேட்டது. அப்போது சுப்ரியாவின் அழைப்பு வந்து திரையை மறைத்தது. அவன் விரல் தானாகப் போய் அதை ஓரமாகத் தள்ளியது. மறுபடி வந்தது. இன்னொரு தட்டுத் தட்டினால் பட்டியலுக்குள் போய்விடலாம் என்கிற இடத்தில் நின்றான். மறுபடி தள்ளினான். அதற்கப்புறம் வரவில்லை. பாடுபட்டு உள்ளே போய், அழைப்பை ரத்து செய்தான். ‘நிகழ்ச்சி ரத்தானது’ என்று எல்லோருக்கும் ஒரு செய்தி போனது. படித்தவர்கள், துக்கத்தில் ஏதோ குழப்பம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகக் கிளம்பினார்கள்.

முதலில் வாத்தியாரின் போன் வந்தது, கூடத்து லேண்ட்லைனில். சேஷனே எடுத்தார்.

“எத்தனை மணிக்குப் பிராணன் போச்சுன்னு கேக்கறார்,” என்று போனைக் கையால் பொத்திக்கொண்டு கமிட்டியிடம் சொன்னார். பிறகு போனில், “வாத்யாரே, நான்தான் பேசறேன். இல்லை, இன்னும் இல்லை. போனா சொல்லி அனுப்பறேன்,” என்று வைத்தார்.

பிறகு ஆரியசாலையிலிருந்து சாமான் ஆட்டோ வந்து நின்றது. துக்க வீட்டுக்கு இன்றே வேண்டியிருக்கும் என்று திருநெல்வேலிக்காரர் அருமைநாயகம் தானே வந்திருந்தார். வாழைக்காயும் சேப்பங்கிழங்கும் மிளகும் எள்ளும் பட்டியல்படி இறங்கின. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே படியேறினவர், உள்ளே சேஷன் காப்பி குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

“ஐயா! உங்களுக்குத்தானய்யா எள்ளு கொண்டாந்தேன்!”

“இறக்கி வையும்,” என்றார் சேஷன். “கெட்டுப் போற சாமானா அது?”

தெரு திரண்டுவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் உள்ளே நுழையும்போதே புலம்பிக்கொண்டு நுழைந்தார்கள். நல்ல மனுஷன், சதாபிஷேகத்துக்கு ரெண்டு வாரம் இருக்கச்சே இப்பிடிப் போயிட்டாரே என்றது ஒரு குரல். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு தங்கமாக்கும் என்றது இன்னொன்று. யார் அந்த இரண்டாம் ஆள் என்று சேஷன் எழுந்து நின்று தேடினார். வந்தவர்கள் ஆளைக் கண்டதும் அலறினார்கள், பிறகு சிரித்தார்கள், விஷயத்தைக் கேட்டுவிட்டு கேசவைத் திரும்பிப் பார்த்தார்கள். கேசவ் எள் மூட்டைக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, மாமா இருக்கார், சௌக்கியமா இருக்கார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். தன் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவான வாக்கியத்தை அவன் இதுவரை எழுதியதில்லை.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் சுப்ரியா வந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை, ஒரு கையில் சாப்பாட்டுப் பை. கூடத்து வாசலில் கும்பலைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைக் கண்டு, சிரித்துக்கொண்டிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவை அவள் பார்த்தாள். நேராகப் போய் அவர் முன்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் வைத்திருந்த சேஷன் இன்னொரு கையை அவள் தலையில் வைத்தார்.

“இருக்கேன்டீ,” என்றார் கடைசியில். “இருக்கேன், பாரு.”

கேசவுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பூமி அதற்கும் ஏதாவது கட்டம் காட்டி, அடுத்து எதை அமுக்க வேண்டும் என்று சொல்லுமோ என்னமோ. அவமானத்திலும் இப்படிப் புத்தி போகிறதே என்று தன்மேல் வந்த வெறுப்பு உண்மையானது.

அழுகை அடங்கின பிறகு கமிட்டிக்காரர் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். இந்த இழவு செயலியை இன்றோடு தலைமுழுகிவிடலாம், இல்லையா என்றார். எல்லோரும் சேஷனைப் பார்த்தார்கள். கேசவ் மனசுக்குள் சப்போர்ட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“ஏன்?” என்றார் சேஷன். “போன வருஷம் ஆண்டு விழாவுக்குப் பத்திரிகை அடிச்சு வீடு வீடா ஏறி இறங்கினோம். எத்தனை பேர் வந்தா? இப்போ பாருங்கோ. எள்ளு வந்தாச்சு, வாத்யார் போன் பண்ணிக் கேட்டாச்சு, தெரு பூரா வந்தாச்சு. நான் பொய்யாச் செத்ததுக்கே இவ்வளவு பேர்னா மோசமில்லை. எடுத்துக்கலாம்.” டேப்லெட்டை கேசவிடம் நீட்டினார். “ஆனா ஒண்ணு மாப்பிளை. அந்த எட்டிப் பாக்கற கட்டம் ஒண்ணுகூட வேண்டாம். கல்யாணம் முதல்ல இருக்கணும். அனுப்பறதுக்கு முன்னாடி அனுப்பட்டுமான்னு கேக்கணும். அவ்வளவுதான்.”

கையெழுத்தாயிற்று. தமிழ்ப் பதிப்பு பிழைத்தது, கேசவின் நாற்காலியும் பிழைத்தது. அதில் அவன் எழுதிய ஒரு வரிகூட மிஞ்சவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. ஸ்மிதாவுக்குப் போன் போட்டுச் சொன்னான். “அடிபொளி, கேசவ்! எனிக்கு அறியாம், நினக்கு நின்ட ஆள்களை நல்லா அறியாம்!” என்று அவள் கத்தினாள். உன் ஜனங்களை உனக்கு நன்றாகத் தெரியும் என்கிறாள். ஆமாம் ஆமாம் என்று சொல்லி வைத்தான்.

மத்தியானம் இருவரும் கூடத்திலிருந்து வீட்டுக்கு நடந்தார்கள். தெரு சின்னதுதான். சுப்ரியா அதே சாப்பாட்டுப் பையோடு ஓரடி முன்னால் நடந்தாள். அவள் திட்டினால் நன்றாயிருக்கும் என்று கேசவ் காத்திருந்தான். திட்டுக்குப் பதில் சொல்ல அவனுக்கு வரும், தன்னைத் தானே முந்திக்கொண்டு கேலி செய்துவிட்டால் யாரும் அதற்குமேல் திட்டுவதில்லை.

“இந்த மாதிரி ஒரு மடையனை நீ...” என்று ஆரம்பித்தான்.

“ரெண்டு தடவை கூப்பிட்டேன்,” என்றாள்.

“தெரியும். அனுப்பினதை மாத்தறதுக்காக உள்ளே போயிண்டிருந்தேன். நீ கூப்பிட்டதும் ஸ்க்ரீன் மறைஞ்சுது. நீ என்ன ஏதுன்னு கேக்கத்தான் கூப்பிடறேன், முதல்ல இதைச் சரி பண்ணிட்டுச் சொல்லலாம்னு...”

“கேக்கறதுக்குக் கூப்பிடலை. அபர காரியம்னு போட்டிருந்தது, அதுல கேக்க என்ன இருக்கு?” அவள் நடையை நிறுத்தவில்லை. “அழறதுக்குக் கூப்பிட்டேன். நீங்க எடுக்கலை. ஆட்டோ ட்ரைவர் என்ன சேச்சின்னு கேட்டான். அப்பா போயிட்டார்னு அவன்கிட்ட சொல்லித்தான் அழுதேன். வண்டியை ஓரமா நிறுத்திட்டு அவன் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தான்.”

கேசவ் வாயைத் திறந்தான். தன்னைப் பற்றிய கேலி எதுவும் வரவில்லை. வந்த வார்த்தைகள் எல்லாம் எதையாவது விளக்குகிற வார்த்தைகளாக இருந்தன. அவற்றை அப்படியே விழுங்கினான். வீடு வந்தது. அவள் பூட்டைத் திறந்து உள்ளே போய், ஆபீஸ் அட்டையைக்கூடக் கழற்றாமல் ஊஞ்சலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் போனை மேஜைமேல் வைத்துவிட்டு வந்து, அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தான்.